புது லேப்டாப்பைத் துடைத்து எடுத்த கதை

தங்கை மகளுக்கு வேலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்தது. லேப்டாப் என் பொறுப்பு என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடையில் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே ஒரு மாடல் எடுத்தோம். பில், பை, மவுஸ் எல்லாம் சரியாகக் கொடுத்தார்கள். தொல்லை அதை ஆன் செய்த பிறகுதான்.

அவள் உட்கார்ந்து சி புரோகிராம் அடித்துக்கொண்டிருப்பாள். வலது மூலையில் சிவப்புப் பட்டையோடு ஒரு பெட்டி எழும்பி வரும்: உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இப்போதே புதுப்பியுங்கள். மூடுவதற்கான பெருக்கல் குறி, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், தேடினால்தான் தெரியும். ‘பிறகு நினைவூட்டு’ என்று ஒரு பட்டன் உண்டு. வேண்டாம் என்று சொல்லப் பட்டனே கிடையாது. இது 30 நாள் இலவச ஆன்டிவைரஸ். இது போதாதென்று கூப்பன் காட்டும் ஒரு ஆப், நாலைந்து கேம்ஸ், கூடுதல் வாரன்டி வாங்கச் சொல்லி நச்சரிக்கும் கம்பெனியின் சொந்த ‘உதவியாளர்’. ஒன்றையுமே திறக்காமல் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் 8 ஜிபி மெமரியில் பாதிக்கு மேல் போயிருந்தது. “மாமா, இது புதுசுதானே?” என்று அவள் கேட்டபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முழுப் பணம் கொடுத்து வாங்கிய பொருள். இந்த மாதிரி சாஃப்ட்வேரை ஏற்றி அனுப்ப, அதை விற்பவர்களிடம் லேப்டாப் கம்பெனிகள் தனியாகக் காசு வாங்குகின்றன. நம் மேஜையை வாடகைக்கு விட அவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

மெதுவாக ஓடுவது மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய விஷயம். எங்களுடையது வேறு கம்பெனி, ஆனால் இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2014 கடைசியில் விற்ற பல லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்று ஒரு சாஃப்ட்வேர் வந்தது. நாம் பார்க்கும் பக்கங்களுக்குள் விளம்பரம் செருகுவது அதன் வேலை. பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் நுழைவதற்காக அது தன் சொந்த ரூட் சர்டிஃபிகேட்டை, அதாவது எந்தத் தளம் அசல் என்று உறுதி சொல்லும் சான்றை, விண்டோஸில் பதித்து வைத்தது. அந்தச் சான்றுக்கு எல்லா மெஷினிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் அந்தச் சாவியின் பாஸ்வேர்டை ஒருவர் உடைத்துக் காட்டினார். அதாவது பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவனும் போலி பேங்க் பக்கத்தை அசல் போலக் காட்ட முடியும். அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்கு தொடுத்து, 2017-ல் சமரசத்தில் முடிந்தது. கம்பெனி போட்டு அனுப்பியது என்பதற்காக எதையும் நம்பி விட்டுவைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாகப் பஸ் பிடித்து, வேகாத வெயிலில் அதே கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அதெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர் சார், கை வெச்சா வாரன்டி போயிடும். நாங்க வேணும்னா ஃபார்மேட் அடிச்சு ஓ.எஸ். போட்டுத் தரோம், 1,500 ரூபாய்.” நான் கை வைத்தால் வாரன்டி போகும், நீங்கள் கை வைத்தால் போகாதா என்று கேட்டேன். சர்வீஸ் சென்டரில் போய்க் கேளுங்கள் என்றான்.

சர்வீஸ் சென்டர் காட்பாடி போகும் வழியில், ஒரு மாடியில். டோக்கன் எடுத்து மத்தியானம் வரை உட்கார்ந்தேன். என் முறை வந்ததும், பில்லின் ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் வேண்டும் என்றார்கள். ஒரு கேள்வி கேட்க வந்தவனிடம் எதற்கு ஒரிஜினல் பில் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒரிஜினலோடு மறுபடி போனபோது அங்கிருந்த அம்மா சொன்ன பதில், “சாஃப்ட்வேர் எங்க வாரன்டியில வராது சார்.” அப்படியானால் சாஃப்ட்வேரை எடுப்பதால் வாரன்டி எப்படிப் போகும்? எழுதிக் கொடுங்கள் என்றதும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த வாரன்டி புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். அதில் இருப்பதெல்லாம் ஹார்டுவேர் பழுது பற்றித்தான். அப்புறம் கம்பெனியின் சாட் உதவியில் நேராகவே கேட்டேன்: விண்டோஸை மறுபடி போட்டால் ஹார்டுவேர் வாரன்டி ரத்தாகுமா? ஆகாது என்று பதில் வந்தது. அந்த உரையாடலை பி.டி.எஃப். ஆக எடுத்து எனக்கும் தங்கை மகளுக்கும் மெயில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் போனில் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் சாதாரண வழியில்தான் இறங்கினேன். செட்டிங்ஸில் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் பட்டியலில் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால். கேம்ஸ் சொன்னதும் போய்விட்டன. ஆன்டிவைரஸ் போன மாதிரி போய், ரீஸ்டார்ட் செய்ததும் பின்னணியில் அதன் சர்வீஸ்கள் இன்னும் ஓடின. இதற்கு அந்தந்த ஆன்டிவைரஸ் கம்பெனியே தனி நீக்கும் டூல் வைத்திருக்கிறது, அவர்கள் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதை எடுத்த பிறகு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக ஆன் ஆகிவிடும். பாதுகாப்பு இல்லாமல் கிடக்கும் என்ற பயம் வேண்டாம்.

கம்பெனியின் உதவியாளர் மட்டும் அசையவில்லை. ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்துப் பார்த்ததில் எல்லாமே திரும்பி வந்தன, நான் எடுத்த கேம்ஸ் உட்பட. கம்பெனி ஏற்றிய ஆப்களையும் சேர்த்தே அந்த ரீசெட் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே ஒரே வழி, மைக்ரோசாஃப்ட் தரும் வெறும் விண்டோஸைப் புதிதாகப் போடுவது. லைசென்ஸுக்குத் தனிக் காசு கிடையாது. சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனைப் போட்டால், அதாவது ஹோம் இருந்த இடத்தில் ஹோம், நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

துடைப்பதற்கு, அதாவது டிஸ்கை முழுதாக அழிப்பதற்கு, முன்னால் செய்ய வேண்டியதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதில் எதையும் சொல்வதில்லை. லேப்டாப்போடு எம்.எஸ். ஆபீஸ் வந்திருந்தால் அதை முதலில் பிள்ளையின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்துவிடுங்கள். இணைத்தபின் எத்தனை முறை துடைத்தாலும் அந்தக் கணக்கிலிருந்து திரும்ப இறக்கலாம். டிஸ்க் என்கிரிப்ட் ஆகி (பூட்டப்பட்டு) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ அதே கணக்கில் இருக்கும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய நிலைக்கு எப்போதாவது திரும்ப வேண்டியிருக்கும் என்று தோன்றினால் கம்பெனியின் ரெக்கவரி பென் டிரைவையும் தயார் செய்துகொள்ளுங்கள், டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை (பார்ட்டிஷனை) அழித்த பிறகு அது கிடைக்காது. அப்புறம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து விண்டோஸை ஏற்றுங்கள். பென் டிரைவில் உள்ளது எல்லாம் அழிந்துபோகும்.

நான் என் டி.டி.பி. கடை கம்ப்யூட்டரில் இதையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்தேன். பென் டிரைவிலிருந்து பூட் ஆனது, மொழி கேட்டது, எந்த டிஸ்கில் போட என்று கேட்டது. டிஸ்க் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பெட்டி. டிஸ்க்கே இல்லை என்கிறது! தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் டிஸ்கை நிர்வகிக்க வி.எம்.டி. என்று ஒரு ஏற்பாடு உண்டு. அது ஆனில் இருந்தால், ஆர்.எஸ்.டி. என்ற டிரைவரை (ஒரு பாகத்தை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சிறு சாஃப்ட்வேர்) கொடுக்கும் வரை விண்டோஸ் செட்டப்புக்கு டிஸ்க் கண்ணில் படாது. உங்கள் மாடல் எண்ணைப் போட்டுக் கம்பெனி தளத்தில் அந்த டிரைவரை இறக்குங்கள். இ.எக்ஸ்.இ. ஃபைலாக வந்தால் அப்படியே வைத்தால் வேலைக்கு ஆகாது. வேறு கம்ப்யூட்டரில் பிரித்து, ஐ.என்.எஃப். ஃபைல் இருக்கும் ஃபோல்டரைப் பென் டிரைவில் போட வேண்டும். பிறகு அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கீழே ‘லோடு டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினேன். சில நொடியில் டிஸ்க் பார்ட்டிஷன்களோடு வரிசையாக வந்து நின்றது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸில், போய் வி.எம்.டி.யை ஆஃப் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லா மாடலிலும் அந்த வசதி இல்லை. தவிர, ஏற்கெனவே விண்டோஸ் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் அதை மாற்றினால் பூட்டே ஆகாமல் போகலாம்.

இன்ஸ்டால் முடிந்ததும் அடுத்த முட்டுக்கட்டை. வைஃபை டிரைவர் இல்லை, ஆனால் நெட் இல்லாமல் மேலே போக விண்டோஸ் 11 ஹோம் விடாது. இதற்கு ஆண்ட்ராய்டு போனை யூ.எஸ்.பி. கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கேபிள் வழியே பகிரும் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’கை ஆன் செய்தால் போதும், டிரைவர் எதுவும் கேட்காமல் நெட் வந்துவிடும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டே வைஃபை, சவுண்ட் டிரைவர்களைக் கொண்டுவந்தது.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த வேளையில், அந்தக் கம்பெனி உதவியாளர் மறுபடியும் டாஸ்க்பாரில் எட்டிப் பார்த்தது. விண்டோஸே அதை ஹார்டுவேருக்கான ஆப் என்று எடுத்துக்கொண்டு இறக்கியிருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘சேஞ்ச் டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்’ என்று தேடி, கம்பெனி ஆப்களைத் தானாக இறக்கலாமா என்ற கேள்விக்கு ‘நோ’ கொடுத்து, ஆப்பை இன்னொரு முறை நீக்கினேன். அதற்குப் பிறகு வரவில்லை. சில மெஷினில் கம்பெனி தன் ஆப்பை ஃபர்ம்வேரிலேயே, அதாவது மதர்போர்டில் பதிந்த சாஃப்ட்வேரிலேயே, வைத்து ஒவ்வொரு பூட்டிலும் திணிப்பதும் உண்டு, 2015-ல் லெனோவோவின் ஒரு சர்வீஸ் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டது. பிறகு பயாஸ் அப்டேட் கொடுத்து எடுத்தார்கள். துடைத்த பிறகும் ஏதாவது திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பக்கமும் பாருங்கள்.

இப்போது ஒன்றும் திறக்காத நிலையில் மெமரி பாதிக்கு நன்றாகக் கீழே நிற்கிறது, மூலையில் எந்தப் பெட்டியும் வருவதில்லை. ஹாஸ்டலில் அவள் தோழி ஒருத்தியின் லேப்டாப்பிலும் அதே சிவப்புப் பட்டை வருகிறதாம், இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அந்த மாடலுக்கான ஆர்.எஸ்.டி. டிரைவரை இப்போதே பிரித்துப் பென் டிரைவில் போட்டாயிற்று. ஆபீஸை மட்டும் தன் கணக்கில் இணைத்துவிட்டு வரும்படி அவளிடம் சொல்லச் சொன்னேன்.