மகனின் சுன்னத்தும் அம்மா நினைவில் வைத்திருந்த செய்தியும்

காரைக்குடியில் எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளையின் முன்தோலை நீக்கும் சுன்னத்து என்றால், நாள் குறிப்பது முதல் அதைச் செய்யும் ஒஸ்தாவை அழைப்பது வரை எல்லாவற்றையும் ஆண்களே பார்த்துக்கொள்வார்கள். முட்டையும் நல்லெண்ணெயும் சேகரிப்பதும் விருந்து சமைப்பதும்தான் பெண்களின் பங்கு. என் ஐந்து வயது மகனுக்கு மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொன்னபோது, மறுத்தவர் என் கணவர் அல்லர், அவருடைய தாயான மாமிதான்.

"அந்த எடத்துல மயக்க ஊசியாம்மா? நாளைக்கு அவனுக்கு ஒரு கல்யாணம் காச்சி வேணாமா?" என்றார். மார்க்கத்தை நினைத்து மறுக்கிறார் என்று எண்ணி, பள்ளிவாசல் இமாமிடம் கணவரைக் கேட்கச் சொன்னேன். மருத்துவர் செய்வதில் தடையில்லை என்று அவர் உடனே சொல்லிவிட்டார். ஆனால் மாமிக்கு இருந்தது அச்சம். 35 ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்குச் சுன்னத்து நடந்த அன்று, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். உரல் மேல் உட்கார்த்தப்பட்ட பிள்ளையின் அலறலையும், அதற்கு மேலாக ஆண்கள் உரக்க ஓதியதையும் கேட்டுக்கொண்டே மாவு பிசைந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்றேன்.

சிறுநீர்த் துளை நுனியில்தான் இருக்கிறதா என்று மருத்துவர் முதலில் பார்த்தார். துளை கீழ்ப்பக்கம் இருந்தால் அதைச் சரிசெய்ய அந்த முன்தோலே தேவைப்படும் என்பதால், சுன்னத்து செய்யக் கூடாதாம். அடுத்து, என் தாய்வழி ஆண்களில் யாருக்கேனும் ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று என்னிடம் கேட்டார். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் பெரும்பாலும் ஆண்களைத்தான் பாதிக்கும். ஆனால் மகனுக்கு அது தாய் வழியாகவே வரும். எனக்குப் பதில் தெரியவில்லை. தேவகோட்டையிலிருக்கும் அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

"ஒன் சின்ன மாமாவுக்குப் பல்லுப் புடுங்கி ரெண்டு நாளா ரத்தம் நிக்கலயே" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார்.

வழக்கமான உறைவுப் பரிசோதனை மட்டும் போதாது, லேசான குறைபாடு அதில் தெரியாமல் போகலாம் என்று சொல்லி, எட்டாம், ஒன்பதாம் உறைவுக் காரணிகளின் அளவையும் பார்க்க ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. எல்லாம் சரியான அளவில் இருந்தன.

அறுவை நாளில், உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொன்னார்கள். தானாகக் கரையும் தையல் போட்டு, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒஸ்தா காலத்தில் புண்ணில் வைத்த சாம்பலைப் பற்றி மாமி பேச்சே எடுக்கவில்லை. மருத்துவர் தந்த களிம்பை மட்டும் போட்டோம். ஆனால் லுங்கியின் நடுவில் நூல் முடிந்து, ஊஞ்சல் கொக்கியில் மாட்டி, துணி புண்ணில் உரசாமல் கூடாரம்போல் நிற்கும்படி மாமி கட்டிய பக்குவம் எனக்கு வராது. நூல் தளரும்போதெல்லாம், இரவிலும் எழுந்து இழுத்துக் கட்டினார்.

புதுவயலில் இருக்கும் என் லாத்தாவுக்கும் (அக்கா) சுன்னத்துக்குக் காத்திருக்கும் மகன் இருக்கிறான். என் மகனுக்குக் குறையில்லை என்பதால் அவனுக்கும் இருக்காது என்று சொல்ல முடியாது, தனியாகப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். வரும் திங்கட்கிழமை அவனுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். சின்ன மாமாவையும் பரிசோதனைக்கு அழைத்துவர அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.