தவளைக்காலும் தார்க்குச்சியும்

கால்வனைஸ் என்றதும் காரைக்குடிக்காரனுக்கு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு வாளிதான் ஞாபகம் வரும். ஆங்கிலப் பத்திரிகையிலோ, சோர்ந்து கிடந்த கூட்டத்தை ஒரு பேச்சு ‘கால்வனைஸ்’ செய்ததாக எழுதுவார்கள். துள்ளி எழ வைத்ததாம். இரண்டுக்கும் மூலவர் லூயிஜி கால்வானி. செத்த தவளையின் காலில் உலோகம் பட்டதும் அது வெட்டி இழுத்ததைப் பார்த்து, 1791-இல் எழுதி வெளியிட்ட இத்தாலிக்காரர்.

தவளைக்காலை இழுத்தது கரண்ட். வேடிக்கை என்னவென்றால், வாளிக்குக் கரண்டே கிடையாது. சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். இந்த அரிப்பு சமாச்சாரத்தையெல்லாம் ஆராய நம்மூரிலேயே சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1953-இல் திறந்தது.

ஆளைத் துள்ளி எழ வைக்க ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உண்டு. ‘எனர்ஜைஸ்’ எனக்கு ருசிப்பதில்லை, பாட்டரி விளம்பர வாடை. ‘ஸ்பர்’ பரவாயில்லை, குதிரைக்காரர் குதிகாலில் மாட்டும் முள். ‘ஸ்டிமுலேட்’தான் அசல் நம்ம சரக்கு. லத்தீனில் ஸ்டிமுலஸ் என்றால் மாட்டை முடுக்கும் தார்க்குச்சி! நம்ம பக்கத்து வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது “டீமை ஸ்டிமுலேட் பண்ணணும்” என்றால் எனக்கு முதுகு கூசுகிறது.