ஒரே துணி, ரெண்டு அளவு

அக்டோபர் 4

தீபாவளி ஆர்டர் மேசை நெறஞ்சு கெடக்கு, இனிமே எடுக்கறதில்லன்னு அட்டையில எழுதி மாட்டியாச்சு, ஆனாலும் சாயந்தரம் வடுவூர் பக்கத்துலேந்து வந்த அந்த அக்காவ திருப்பி அனுப்ப மனசு வரல. பொண்ணுக்கு ஐப்பசி கடைசில கல்யாணம், ரெட்டைப் பசங்க ரெண்டு பேருக்கும் ஒரே துணில முழுக்கை சட்டை வேணுமாம், சந்தன கலர் காட்டன் மொத்தமா அஞ்சு மீட்டர் வாங்கிட்டே வந்துட்டாங்க. பழைய சட்டை அளவுக்கு இருக்கான்னு கேட்டேன். "இல்ல தம்பி, நேர்ல அனுப்பறேன், பெரியவன் ரொம்ப குட்டை, சின்னவன் ரொம்ப நெட்டை"ன்னாங்க. அம்மாங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சு பில்லு போட்டுட்டேன்.

அக்டோபர் 5

வந்தாங்க. சின்னவன் ஆறடி நாலு அங்குலம், கடை ஷட்டருக்கு குனிஞ்சுதான் உள்ள வந்தான், மன்னார்குடி பூரா அவனுக்கு அப்படித்தான் போல, ஓட்டு வீட்டு நிலைப்படி இடிச்ச தழும்பு நெத்தில இருக்கு. பின்னாடியே பக்கச்சக்கரம் வச்ச ஸ்கூட்டர நிறுத்திட்டு பெரியவன், நாலடி மூணு. கொஞ்ச நேரம் முந்திப் பொறந்துட்டதால அவன்தான் மூத்தவன், அவ்வளவு உசரத்துலேந்து குனிஞ்சு "அண்ணே, நீ மொதல்ல அளவு குடு"ன்னு தம்பி சொல்றான், டீ வாங்க வந்த ஆளுங்க எல்லாம் வாசல்ல நின்னு பாக்கறாங்க. அவனுங்க கண்டுக்கவே இல்ல, நாந்தான் போய் வேலையப் பாருங்கய்யான்னு வெரட்டுனேன்.

நான் பாத்தது என்னன்னா, ரெண்டு பேரையும் பெஞ்சுல உக்கார வச்சேன், தலை கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல வந்துருச்சு. நின்னா ரெண்டடிக்கு மேல வித்தியாசம், உக்காந்தா நாலு இஞ்ச் இருக்கும். மார்பு சின்னவனுக்கு 40, பெரியவனுக்கு 38. சட்டை நீளம் 32, 28. கை நீளம்தான் சமாச்சாரம், ஒருத்தனுக்கு 27, இன்னொருத்தனுக்கு 15.

அக்டோபர் 6

காலைல மொத வேலையா பெரியவன் கட்டிங். இவ்வளவு நாளா என்ன போட்டுக்கிட்டு இருந்தான்னு கேட்டதுக்கு, பத்து வயசு பையன் சட்டை எடுத்தா தோள்ல ஏறாதாம், பெரியவங்க ரெடிமேட் எடுத்து எங்கயாவது குடுத்தா கைய கீழ வெட்டி மடிச்சு அடிச்சு குடுத்துருவாங்களாம். கீழ வெட்டுனா என்ன ஆகும், மேல் கைக்கு போட்ட அகலம் மணிக்கட்டுல வந்து தொங்கும், பட்டியும் கஃப்பும் போயிரும். கைய முழுசா புதுசா வரையணும், அக்குள்லேந்து கஃப் வரைக்கும் 15 இஞ்சுக்குள்ள சரிவு எறங்கணும். அவனுக்கு முழங்கை முழுசா நீளாது, அதனால அங்க ஒரு விரல் தாராளம். இடுப்பு உள்வாங்கி இருக்கறதால பின்னாடி சட்டை தூக்கிக்கும், பின்பக்க பீஸ் ஒரு இஞ்ச் எறக்கம். இத்தன வருசத்துல ஒரு சட்டைக்கு இவ்வளவு யோசிச்சதில்ல. சின்னவனுது? நீட்டி வெட்டுனா முடிஞ்சுது.

அக்டோபர் 9

மழை. கரண்ட் போயிப் போயி வருது. அக்கா மீதிப் பணம் தர முடியலன்னு சொல்ல வந்தாங்க, குறுவை அறுத்த நெல்லு கொள்முதல் நிலையத்துல கெடக்கு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல காட்டுதுன்னு எடுக்கலையாம், அவங்க வீட்டுக்காரர் தார்ப்பாய போட்டுக்கிட்டு அங்கயே படுத்துருக்காரு. பணம் மெதுவா குடுங்கக்கான்னேன்.

பேச்சு வாக்குல சொன்னாங்க, பெரியவனுக்கு கைகால் வளரலன்னு தெரிஞ்சப்ப மாமியார் ஊரு எல்லாம் ஒரே பேச்சு, மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளில வந்துட்டேன்னு. "ஒரே வயித்துலதானே தம்பி ரெண்டும் கெடந்துச்சு, கிரகணம் ஒருத்தன மட்டும் எப்படி பாத்துச்சு?" இதுக்கு அந்த மாமியார் என்ன பதில் சொல்லிருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்துச்சு, கேக்கல.

அக்டோபர் 12

பெரியவன் ட்ரையலுக்கு வந்தான், தம்பியும் கூட. அம்மா சொன்னத சொன்னேன். பெரியவன் புட்டு புட்டு வச்சுட்டான். அவன் குட்டையா இருக்கறதுக்கு பேரு அகோண்ட்ரோபிளேசியாவாம், எஃப்ஜிஎஃப்ஆர்3ன்னு ஒரு ஜீன், எலும்பு வளர்ச்சிக்கு அதுதான் பிரேக்கு, அதுல ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறுனா பிரேக்க விடாம அமுத்திக்கிட்டே இருக்கும், கைகால் நீள எலும்புதான் ரொம்ப அடிவாங்கும். இப்படி பொறக்கறவங்கள்ல பத்துக்கு எட்டு பேருக்கு அப்பா அம்மா சாதாரண உசரம்தான், புதுசா விழுற மாற்றம், யாரும் எதுவும் பண்ணி வர்றதில்ல. இவங்க ரெண்டு பேரும் ரெண்டு கருமுட்டைல உண்டானவங்க, அதான் ஒருத்தனுக்கு மட்டும். 2022ல 54 லட்சம் பேர ஆராய்ச்சி பண்ணி உசரத்துக்குன்னு சுமார் 12,000 ஜீன் வித்தியாசம் கண்டுபிடிச்சாங்களாம். "அவனுக்கு அத்தன எடத்துலேந்து வந்த உசரம், எனக்கு ஒரு எழுத்துல நின்ன உசரம் மாமா"ன்னான். 2016 சட்டத்துல 147 சென்டிமீட்டரும் அதுக்கு கீழயும்னா மாற்றுத்திறனாளி கணக்கு, அந்த ஒதுக்கீட்டுலதான் கிளார்க் வேலை கெடச்சுருக்கு.

சின்னவன் போன காட்டுனான். ஜப்பான்ல ஒகயாமாவுல ரெட்டை அக்கா தங்கச்சி, யோஷியே, மிச்சியேன்னு, ஒருத்தர் 162.5 சென்டிமீட்டர், இன்னொருத்தர் 87.5, கின்னஸ்ல 2023ல ஏறிருக்காங்க. வித்தியாசம் 75, நம்ம டேப்புல 29.5 இஞ்ச். இவனுங்க வித்தியாசம் 25. "நாலரை இஞ்சுல ரெக்கார்டு போச்சு, எல்லாம் இவன் சரியா சாப்பிடாததால"ன்னு பெரியவன் தம்பிய முறைக்கறான், அது பொம்பளைங்க லிஸ்ட்டு அண்ணேன்னு அவன் சமாதானம் சொல்றான். அந்த ஜப்பான் பொண்ணுக்கு முதுகெலும்பே குறுகுற வேற வகையாம். அப்ப சட்டை நீளமும் சேத்து குறையும், கட்டிங்கே வேற, என் புத்தி அங்கதான் போகுது.

அமெரிக்கால லேனியர்னு அச்சு அசலா ஒரே மாதிரி ரெட்டை அண்ணன் தம்பி இருந்தாங்களாம், ரெண்டு பேருமே ஏழடி நாலு. அந்த வீட்டு டெய்லர் குடுத்து வச்சவரு, ஒருத்தன அளந்தா போதும்.

சின்னவன் போறப்ப மெதுவா சொன்னான், எல்லாரும் அண்ணன பாத்துதான் உச்சு கொட்டறாங்க, பஸ்ல கும்பகோணம் வரைக்கும் கழுத்த மடக்கி நின்னுட்டுப் போற என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கறதில்ல மாமான்னு. பெரியவன் வெளிலேந்து "கேட்டுட்டாங்கடா, வா"ங்கறான்.

அக்டோபர் 16

காஜா பட்டன் எல்லாம் முடிஞ்சு டெலிவரி. பெரியவன் கஃப்ப போட்டு பட்டன மாட்டி கைய திருப்பித் திருப்பி பாத்தான், மணிக்கட்டுல கரெக்டா நிக்குது. சின்னவனுக்கு கை அரை இஞ்ச் கம்மின்னு தோணுச்சு, மடிப்புல விட்டுருந்தேன், பிரிச்சு எறக்கி குடுத்தேன்.

கூலில தகராறு. துணி பாதிகூட ஆகல, எனக்கு அரைக்கூலிதான்னு பெரியவன். அதெல்லாம் கெடையாது, உன் சட்டைக்குத்தான் மூளை செலவு, சொல்லப்போனா உனக்குத்தான் கூட கேக்கணும்னேன். சின்னவன் ரெண்டு பேருக்கும் சேத்து குடுத்துட்டு, மிச்சத் துணிய கேட்டு வாங்கிக்கிட்டான், அண்ணனுக்கு இன்னொரு அரைக்கை வருமாம். வரும். தீபாவளி முடியட்டும்னு சொல்லிருக்கேன்.