வெள்ளைக்கண்ணிகள் பதிமூன்று

தர்மபுரியில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் போன வருடம் முதுகலை விலங்கியல் மாணவிகள் மூன்று பேருக்குப் பழ ஈ மரபியலைப் பழக்கிவிட வேண்டியிருந்தது. முதல் நாளே குழப்பம். "பழ ஈ கிடைத்தால் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண், கவர்ச்சிப் பொறியில் விழுந்த ஈக்களை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்துவிட்டாள். அது பேக்ட்ரோசெரா, மாம்பழத்தைத் துளைத்து முட்டையிடும் ஈ. (பொறியில் விழுவதெல்லாம் ஆண் ஈ என்பது தனிக்கதை.) எங்களுக்கு வேண்டியது டிரோசோஃபிலா. கனிந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பொடி, அது. பெயர்தான் ஒன்று, குடும்பமே வேறு.

மைசூர் பல்கலைக்கழகத்தின் டிரோசோஃபிலா சேமிப்பு மையத்திலிருந்து சிவப்புக் கண், வெள்ளைக் கண் இரண்டு வகையும் வாங்கினோம். சாப்பாடு நாங்களே காய்ச்சினோம். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கோதுமை ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 8 கிராம். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் புரோப்பியானிக் அமிலம் 7.5 மில்லி. கட்டி தட்டாமல் கிண்ட நான் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை, கேழ்வரகுக் களி கிண்டிய கைகள். ஆனால் அமிலத்தைக் கொஞ்சம் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டு, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றோம்.

ஆண் பெண் பிரிப்பது இரண்டு நாளில் வந்துவிட்டது. ஆணுக்கு வயிற்றின் நுனி கருப்பு, முன்காலில் சீப்பு மாதிரி ஒரு கருப்பு வரிசை. ஈக்களை மயக்கும் ஈதரின் அளவுதான் பிடிபடவில்லை. கூடிப்போனால் ஈயின் இறக்கைகள் செங்குத்தாக நிமிர்ந்துவிடும், அப்புறம் அது எழாது. குறைந்தால் எண்ணும்போதே எழுந்து நடக்கும்.

உண்மையான சிக்கல் விர்ஜின், அதாவது இன்னும் ஆணோடு சேராத பெண் ஈ, சேகரிப்பதில். அந்தச் சொல்லைச் சொல்லவே பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கூச்சம். வெள்ளைக்கண் பெண்ணையும் சிவப்புக்கண் ஆணையும் சேர்த்தால், மகள்கள் அத்தனையும் சிவப்பு, மகன்கள் அத்தனையும் வெள்ளை வரவேண்டும். இந்தக் கண் நிறத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான், மகளுக்கு அப்பாவின் எக்ஸும் உண்டு, அதிலிருக்கும் சிவப்புதான் மேலோங்கும். 1910இல் அமெரிக்க மரபியலாளர் மார்கன் பிடித்த விஷயம் இது. 25 டிகிரியில் பத்து நாள் காத்திருந்து எண்ணினோம். 74 பெண் ஈக்களில் 13 வெள்ளைக்கண்!

"மேடம், நான்-டிஸ்ஜங்ஷன்! மார்கனின் மாணவர் பிரிட்ஜஸ் கண்டுபிடித்தாரே!" என்று ஒருத்தி துள்ளினாள். படித்திருக்கிறாள், சந்தோஷம்தான். ஆனால் அவள் சொன்னதுபோல், முட்டை உருவாகும்போது அம்மாவின் இரண்டு எக்ஸும் பிரியாமல் போவது ஆயிரத்தில் ஒன்று வந்தாலே அதிகம். எழுபத்து நாலில் பதிமூன்று என்றால் குரோமோசோம்மீது பழி போட முடியாது, நம் கையைத்தான் பார்க்க வேண்டும்.

"எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். பென்னாகரத்திலிருந்து வருகிறவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புட்டியிலிருந்த பழைய ஈக்களையெல்லாம் காலிசெய்திருக்கிறாள். மறுநாள் பஸ் தாமதம், ஒன்பதரைக்கு வந்து, இருந்ததையெல்லாம் விர்ஜின் என்று எடுத்துவிட்டாள். பதினாறு மணி நேரம் தாண்டிவிட்டது. 25 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நம்பலாம். இந்தப் பதினாறு மணி நேரத்தில் கூடப்பிறந்த வெள்ளைக்கண் ஆண்களோடு சேர்ந்துவிட்டிருக்கின்றன. ஒரு தடவை சேர்ந்தால் போதும், அந்த விந்தைப் பல நாள் உள்ளே வைத்துக்கொண்டு முட்டையிடும்.

அப்புறம்தான் வயிற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது. புதிதாக வெளிவந்தது வெளுப்பாக, உப்பிப்போய், சுருங்கிய இறக்கையோடு இருக்கும். வயிற்றில் தோலுக்குள் பச்சை கலந்த கருப்புப் புள்ளி ஒன்று தெரியும், புழுப் பருவத்துச் சாப்பாட்டின் மிச்சம். அந்தப் புள்ளி இருந்தால் எடு, சந்தேகம் என்றால் விடு. காலை ஒன்பதுக்குக் காலிசெய்து மாலை நாலுக்கு எடுப்பது என்று நேரத்தையும் மாற்றினோம்.

இரண்டாம் முறை 81 பெண், ஒன்றுவிடாமல் சிவப்பு. சரி, ஆண்களை எண்ணலாம் என்று நான் குனிவதற்குள் ஈதர் தெளிந்து பாதி எழுந்துவிட்டன. ஒன்று என் கண்ணாடிமேலேயே உட்கார்ந்தது, வெள்ளைக்கண்.