சொந்தக்காரர்களின் கணக்கு எனக்குத் தெரியும்

சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தால் வங்கிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், நானும் பட்டேன். ஆனால் மதுரைப் பக்கம் எங்கள் ஊர்க் கிளையில் உட்கார்ந்த பிறகு, சித்தப்பா, மச்சான், மதினி என்று கூப்பிடுகிற எல்லாருடைய இருப்பும் கடனும் என் திரையில் வந்தன, அதற்கப்புறம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் ஒன்றும் தெரியாதவனாகத்தான் உட்கார வேண்டியிருந்தது. அரசு வங்கியில் சேரும்போதே ரகசியம் காப்போம் என்று உறுதிமொழி கொடுக்கிறோம். 1970ஆம் ஆண்டின் வங்கி தேசியமயச் சட்டத்தில் 13ஆம் பிரிவே அதற்காக இருக்கிறது. இங்கேயும் உறவுமுறைகளையும் சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு காதுகுத்து. காரில் வந்து இறங்கிய மச்சானை வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள், அவர் எழுதிய பத்தாயிரம் மொய்யை மைக்கில் இரண்டு தரம் வாசித்தார்கள். மதினி கழுத்து நிறைய நகை. அந்த நகை முந்தின வாரம்தான் எங்கள் பெட்டகத்திலிருந்து வெளியே போனது. யாரிடமாவது கைமாற்று வாங்கி, அசலும் வட்டியும் கட்டி நகையைத் திருப்புவார்கள், விசேஷம் முடிந்ததும் அதே நகையை மறுபடி கொண்டுவந்து வைத்து அந்தப் பணத்தில் கைமாற்றை அடைப்பார்கள். முகூர்த்த மாதங்களில் நகைக்கடன் கவுண்டரில் இது வழக்கமாக நடப்பதுதான், இதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வெறுங்கழுத்தோடு வந்தால் என்ன பேச்சு வரும் என்று மதினிக்குத் தெரியும்.

அதே நேரம் அத்தை சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாமா இல்லை, இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறார். அவரும் அழைப்பு வந்துதான் வந்தார், ஆனாலும் வந்தவுடனே கையில் அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டார்கள். நாலுவழிச் சாலைக்கு அவருடைய நிலம் போனபோது வந்த இழப்பீடு முழுவதும் எங்கள் கிளையில் வைப்புநிதியாக இருக்கிறது. "வந்தது கடனுக்கே சரியாப்போச்சு" என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார். வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க ஏப்ரல் மாதம் அதற்கான படிவம் கொடுக்க வருவார், அதுவும் கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்து. அந்த மண்டபத்தில் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த யாருக்கும் அவர் அளவுக்கு இருப்பு கிடையாது.

சாப்பாடு முடிகிற நேரம் ஒரு சின்னம்மா எல்லார் முன்னாலும், "பழைய சேலை ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், போகும்போது வாங்கிக்கங்க" என்றார். அத்தை தலையை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தையிடம் பணம் இருப்பது எனக்குத் தெரியும் என்பதாலா இந்தக் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தக் குடும்பத்தின் மூத்த மகளை அப்படி நடத்தியது தப்புதான். கணக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, சரி, ஆனால் அவரை எழுப்பிக் கூட்டிவந்து என் பக்கத்து இலையில் உட்கார வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. அதைச் செய்தேன். சின்னம்மா இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

பின்னால் ஒருநாள் கிளைக்கு வந்தபோது, ஏன் அத்தை இப்படி மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். "சொன்னா மரியாதை வரும்யா. புரோநோட்டோட ஆளும் வரும். உங்க மாமா சொந்தத்துக்குக் கொடுத்ததே இன்னும் திரும்பி வரல" என்றார்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். விவரம் சொன்னதும் படிவம் கேட்டு வாங்கினார். மகளுக்கு 50, பேத்திகள் இருவருக்கும் 25, 25. மகன் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.