கண்ணாடி போட்டவருக்கு ஹெட்செட் மாட்டுவதற்குள்

எங்கள் பாலிடெக்னிக்கில் வெல்டிங் பயிற்சிக்கு விஆர் ஹெட்செட் வாங்கினார்கள். முகத்தில் மாட்டிக்கொண்டால் நிஜப் பட்டறையில் நிற்பதுபோல் கண் முன்னால் திரையில் காட்டும் கருவி அது. பையன்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குத்தான் தகராறு. மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடியோடு மாட்டினால் மூக்கை அழுத்துகிறது. கழற்றிவிட்டு மாட்டினால் எல்லாம் மங்கல்.

மாட்டிக் காட்ட வந்த தம்பியைக் கேட்டேன். "திரை கண்ணுக்கு ரெண்டு இஞ்ச் தூரம்தானே சார், படிக்கிற கண்ணாடி போட்டுக்குங்க" என்றார். கும்பகோணத்தில் ஒரு கண்ணாடிக் கடையிலும் அதையே சொல்லி, படிக்கிற பவரில் ஒன்று செய்து கொடுத்துவிட்டார்கள். மாட்டினால் எதிரே இருக்கும் தகடே தெளிவாக இல்லை. பவருக்குச் செய்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். காசு போனதுதான்.

விஷயம் இதுதான். திரை பக்கத்தில் இருந்தாலும், நடுவில் இருக்கும் லென்ஸ் படத்தைத் தள்ளிக் காட்டுகிறது. பெரும்பாலான ஹெட்செட்டில் அது ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நிற்கும். கண் பார்க்க வேண்டியது அந்தத் தூரத்தை. ஆகவே தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடும் பவர், அல்லது அதில் கொஞ்சம் குறைத்தது. பைஃபோகலும் ப்ரோக்ரெசிவும் வேண்டவே வேண்டாம். படம் பாதி கீழ்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும்.

சரியாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் கொடுத்த இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். ஹெட்செட் என்றதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரிசையில் உட்கார வைத்து, பவர் பார்ப்பதற்கு முன்பே சொட்டு மருந்தை விட்டுவிட்டார்கள். சொட்டு விட்டுக் கண்பாப்பா விரிந்தபின் இடைத்தூரப் பார்வையை எப்படிச் சோதிப்பது? "இன்னொரு நாள் வாங்க." வெயிலில் கண் கூசிக்கொண்டே பஸ் ஏறினேன். நீங்கள் போனால், சொட்டு விட வரும்போதே "பவர் பார்த்த பிறகு விடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை பவர் பார்க்க இருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் கெட்டிக்காரி. "படம் எத்தனை மீட்டர்ல தெரியும் சார்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சோதனை பிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, என் மைனஸ் 2.25-இல் அரை பவர் (0.50) குறைத்து எழுதினார். பி.டி.யையும், அதாவது இரண்டு கண்பாப்பாவுக்கும் இடையிலுள்ள தூரத்தையும், கேட்டு எழுதி வாங்கினேன். கடைகளில் அதை அளப்பார்கள், சீட்டில் எழுத மாட்டார்கள். எங்களிடம் இருப்பது குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்; அதில் இரண்டு லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலை. எனக்கு 64, நடு நிலை பொருந்தியது.

பிரேமும் அளவு பார்த்து எடுக்க வேண்டும். அகலம் 142 மில்லிமீட்டர், உயரம் 50, அதற்கு மேல் போகக் கூடாது. சின்ன வட்டப் பிரேம் ஒன்று கிடைத்தது. கண்ணாடி லென்ஸில் இடிக்காமல் இடைவெளி விட, பெட்டியோடு வரும் கண்ணாடி ஸ்பேசரைத் தேடினால், அது ஸ்டோர் ரூமில் குப்பைக் கவரோடு கிடந்தது. அது இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் லென்ஸ், கீறல் விழுந்தால் போகாது. மாட்டும்போது முகப்பை முதலில் முகத்தில் வைத்து, அப்புறம் பட்டையைப் பின்னால் இழுங்கள். கழற்றும்போது முகப்பை நேராக முன்னால் எடுங்கள். ஐப்பசி மழையில் கண்ணாடியில் ஆவி படியும். ஹெட்செட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு ஏறியதும் மாட்டினால் குறைகிறது. ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள், லென்ஸ் வழியாக வெயில் திரையைப் பொசுக்கிவிடும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அப்பாச்சி ஹெலிகாப்டரில் வலது கண்ணுக்கு முன்னால் திரை வரும். கண்ணாடி போட்ட விமானிகளுக்கு இடம் போதாமல், அமெரிக்க ராணுவம் காண்டாக்ட் லென்ஸ் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது.

இப்போது உருகிய உலோகம் ஓடுவது முதல் விளிம்பு வரை தெளிவாகத் தெரிகிறது. கண்ணாடிக்கான பில்லைத்தான் அக்கவுண்ட்ஸில் "சொந்தச் செலவு" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் வைத்திருக்கிறேன், இந்த முறை துறைத் தலைவர் (ஹெச்ஓடி) கையெழுத்தோடு.