பூஜ்யத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

ஜனவரி 12, 2024
அப்பாவின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை கேட்கச் சொல்கிறார்கள்.

ஜனவரி 13
பழைய ஓய்வூதியப் பதிவுகளை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை பாதியில் நின்றுவிட்டது. ஏதோ ஒரு பெயருக்குள் பூஜ்ய பைட், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. வேறு எந்த எழுத்தை வேண்டுமானாலும் போஸ்ட்கிரெஸ் வாங்கிக்கொள்ளும், மதிப்பு 0 உள்ள அந்த ஒன்றை மட்டும் வாங்காது. பைத்தான் மொழி சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தைத் தனியே வைத்திருப்பதால் அதையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டுப் போய்விடுகிறது. சி மொழிக்கோ முதல் பூஜ்யம் வந்தால் சரம் முடிந்தது.

ஜனவரி 15
பெலால் புயல். இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. பொங்கல் வைக்கவில்லை. மருத்துவமனையில் யாரும் போனை எடுக்கவில்லை.

ஜனவரி 17
"ரிப்ளேஸ் போட்டு பூஜ்யத்தை எல்லாம் அழிச்சிடுண்ணே, ஒரு வரி வேலை" என்கிறான் தம்பி. கூடாது. பைட் பைட்டாகப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன், கூடாது. RAMALINGUM என்றிருந்த இடத்தில், அவர் பதிவு நீங்கிய பின், VELU என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம். அதற்குப் பின்னால் INGUM அப்படியே கிடக்கிறது. பழைய சி நிரல் பூஜ்யத்தோடு நிறுத்திக்கொண்டதால் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது பூஜ்யத்தை மட்டும் எடுத்தால் VELUINGUM. அப்படி ஒருவர் மொரீஷியஸில் பிறந்ததே இல்லை, ஆனால் ஓய்வூதியம் அவர் பெயருக்குப் போகும்.

இந்தக் கோப்பில் பூஜ்யத்தோடு வெட்டுவதுதான் சரி. ஆனால் குறிப்புகள் கோப்பு வலைப் படிவத்திலிருந்து வந்தது. அங்கே நடுவில் தப்பி வந்த பூஜ்யத்துக்குப் பின்னாலும் மனிதர்கள் எழுதியது இருக்கிறது. வெட்டினால் அது போச்சு. எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜனவரி 18
அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 20
தூக்கம் வரவில்லை. 2009 பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற ஆய்வாளர் காட்டியதைப் பற்றி மறுபடி படித்தேன். வங்கியின் தளப்பெயர், ஒரு பூஜ்யம், அப்புறம் தன் சொந்த டொமைன். தளம் இன்னாருடையது என்று சான்றிதழ் கொடுப்பவர் கடைசியில் இருந்த டொமைனைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். அன்றைய உலாவி பூஜ்யம் வரை படித்து, இது வங்கிதான் என்று நம்பிவிட்டது. ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு நீளத்தில் படித்தால் திருடனுக்கு வழி கிடைத்துவிடுகிறது. எனக்கு இது பயமாகவே இருக்கிறது.

ஜனவரி 22
அக்கா அப்பாவுக்காகக் காவடி நேர்ந்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் விரதம்.

ஜனவரி 23
ரஸ்ட் மொழி செய்வது பிடித்திருக்கிறது. சி-க்கு அனுப்பும் சரத்தின் நடுவில் பூஜ்யம் இருந்தால் அங்கேயே பிழை என்று சொல்லிவிடுகிறது. மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல். எஸ்கியூலைட் தரவுத்தளத்திலோ நீளக் கணக்கு பூஜ்யம் வரைதான், மிச்சம் உள்ளேயே இருக்கும்.

ஜனவரி 24
போன் வந்தது. வெள்ளிக்கிழமை அப்பாவையும் அழைத்து வர வேண்டுமாம். முடிவு என்ன என்று கேட்டால் போனில் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

ஜனவரி 25
கோர் தெ கார்த் மலைக்கோயிலில் நல்ல கூட்டம். அக்கா காவடியோடு ஏறி முடித்துவிட்டாள். VELU பதிவு சரியாக ஏறிவிட்டது. குறிப்புகள் கோப்பு பாதியில் நிற்கிறது. அப்பாவின் பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் பையில் வைத்தாயிற்று. நாளைக்கு லீவு சொல்ல வேண்டும்.